எங்கள் பாடு

ஞாயிறுதோறும் திருப்பலியில் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது 'பாடுபட்டு' என்னும் சொல் நம் நாவில் ஏறி இறங்குகிறது. தவக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும், குருத்து ஞாயிறன்றும், பெரிய வெள்ளியன்றும் 'பாடுகள்' என்பதே நம் பேச்சும் பாட்டும் செபமும் ஆகிவிடுகிறது. குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட நாம் இச்சொல்லை எத்தனை ஆயிரம் முறை உச்சரித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அதன் பொருளில் பாதியைக்கூட அறிந்திருக்கவில்லை என்பதை, 2023ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் நமக்கு உணர்த்தினார். அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அந்த ஆண்டு திசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை நீரில் மூழ்கடித்தது. நகரின் தென்பகுதி தண்ணீரைக் கண்டு கலங்கியது. வடபகுதியில் வாழும் நமக்கோ தண்ணீரோடு இன்னொன்றும் வந்தது. தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தில் கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தை அடைந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை கரிய போர்வையாய்ப் படர்ந்தது. அலையாத்தி மரங்களின் அடியிலும், படகுகளின் விலாவிலும், குடிசைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் ஒரு கருங்கோடு விழுந்தது. காற்றில் மண்ணெண்ணெய் நாற்றம். குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே மறைக்கல்விக்கு வந்தனர்.

இரண்டாம் வாரத்து ஞாயிறு. திருப்பலி முடிந்து, அரிசி, பாய், போர்வை எனப் பட்டியல் எழுதுவதில் நாம் மூழ்கியிருந்தோம். கழிமுகக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்து நின்றார். "தோத்திரம் சாமி" என்றார். நிமிர்ந்து பாராமலே ஆசி வழங்கினோம். சற்று நேரம் நின்றுவிட்டு, "எங்க பாடு போயிடுச்சு, சாமி" என்றார்.

நாம் என்ன விடை கூறினோம் தெரியுமா? "பாடுகள் எல்லாம் ஒருநாள் போகத்தான் வேண்டும், பெரியவரே. ஆண்டவர் நமக்குத் தரும் நம்பிக்கையே அதுதானே" என்றோம். அழகாகச் சொல்லிவிட்டதாக நமக்குள் ஒரு நிறைவும் இருந்தது. அவர் நம்மை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். மறுமொழி சொல்லவில்லை. மீண்டும் ஒரு தோத்திரம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் நிவாரணப் பொருள் வாங்க வந்த அவர் மனைவியிடம், "பெரியவர் நலமா?" என்று கேட்டோம். "எங்க சாமி, சோறே இறங்க மாட்டேங்குது. அன்னிக்கிதான் அவருக்கு மொறை. எவ்ளோ நாளு காத்துக்கினு இருந்தாரு! பாட்டுல வலை கட்டப் போனா ஒரே எண்ணெ. வலையும் போச்சு, மொறையும் போச்சு" என்றார் அந்த அம்மாள்.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்த முதியவர் இழந்தது துன்பத்தை அன்று, தம் உரிமையை. நாமோ அந்த இழப்பைக் கேட்டு, "போகத்தான் வேண்டும்" என்று இறைவன் பெயரால் தீர்ப்பளித்திருக்கிறோம்!

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் எண்ணெய் படிந்து விறைத்துப்போன வலையை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்னா சாமி பண்ணுவீங்கோ, உங்க படிப்புல அது வேற பாடு" என்று சிரித்தார். பிறகு நம்மைக் கரைக்கு அழைத்துச் சென்று, நீரில் நட்டிருந்த கம்புகளைக் காட்டி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். குருமடத்தில் நாம் கேட்ட விரிவுரைகளில் பல மறந்துவிட்டன. இந்த விரிவுரை மறக்கவில்லை.

பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் மீனவர் வழிவழியாகக் காத்துவரும் ஒரு முறைமைக்குப் 'பாடு' என்று பெயர். கடலுக்கும் கழிக்கும் இடையே ஓதம் ஏறி இறங்கும் நீரோட்டங்களில் சில இடங்களே இறால் மிகுதியாகச் செல்லும் தடங்கள். நீர் வற்றும் நேரத்தில், கழியில் வளர்ந்த இறால் கடலை நோக்கித் திரும்பும். அத்தடத்தின் குறுக்கே கம்பு நட்டு வலை கட்டினால் இறால் வந்து படும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் கட்டினால் முதல் வலைக்காரனுக்கே எல்லாம். அடுத்தவனுக்கு வெறும் தண்ணீர். வலிமையுள்ளவன் நாள்தோறும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி. ஆகவே முன்னோர் ஓர் ஒழுங்கு செய்தனர். ஊருக்கு ஊர் நாளைப் பங்கிட்டனர். ஊருக்குள் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டுச் சீட்டுப் போட்டு முறை வகுத்தனர். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லாருக்கும் சுற்றிச் சுற்றி வரும். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் இவ்வாறு பாட்டினைப் பகிர்ந்துகொள்ளும் முறையை ஆய்வாளர் பலர் வியந்து எழுதியுள்ளனர். எண்ணூரில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களிலும் இம்முறைமை வாழ்கிறது. மீறுவோரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும்.

"தண்ணியில கோடு கிழிக்க முடியாது சாமி. அதான் நாளுல கோடு கிழிச்சிக்கினோம்" என்றார் பெரியவர். பொதுச் சொத்தை எப்படிப் பகிர்வது என்று பல்கலைக்கழகங்கள் நூல் நூலாக எழுதுகின்றன. இவரோ ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆக, அவர் மொழியில் பாடு என்பது ஓர் இடம், ஓர் உரிமை, ஒரு முறை, அன்றைய மீன்வரவு. கடலோரத்தில் வலையில் விழுவதை 'மீன்பாடு' என்பர். கடல் கடந்து ஈழத்துக்குப் போனாலும் இச்சொல் மீனவரோடு நிற்கிறது. கரைவலை இழுக்கும் உரிமையுடைய கடற்கரைத் துண்டை அங்கும் பாடு என்றே அழைக்கின்றனர். மன்னார்த் தீவில் தாழ்வுபாடு என்றும், கிளிநொச்சி மாவட்டக் கடற்கரையில் வலைப்பாடு என்றும் ஊர்ப்பெயர்களே உண்டு.

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் அகராதிகளை எடுத்து விரித்தோம். நம் திருச்சபைக்கும் தமிழ் அகராதிக்கும் உள்ள உறவு பழையது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியே அதற்குச் சான்று. பின்னர், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சொற்களுக்கு ஒரு பெருங்களஞ்சியமாயிற்று. அகராதிகளில் இச்சொல்லுக்கு நேரே நிற்கும் பொருள்களைப் பார்த்தபோது நமக்கு வியப்பே மேலிட்டது. நிகழ்ச்சி, அனுபவம், உழைப்பு, வருத்தம், பெருமை, இடம், பக்கம், உறக்கம், மறைவு, கேடு, சாவு, ஓசை! ஒரு மனிதனின் வாழ்வு முழுவதையும் இந்த ஒரு சொல்லுக்குள் வைத்து எழுதிவிடலாம் போலிருந்தது.

இதன் வேர் எளியது. பள்ளியில் நாம் அனைவரும் படித்த இலக்கணமே. 'கெடு' என்பது 'கேடு' ஆவதுபோல, 'சுடு' என்பது 'சூடு' ஆவதுபோல, 'படு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'பாடு' என்னும் பெயர் பிறக்கிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணத்தார். படுதல் என்றால் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுதல், தொடுதல், நேர்தல். வெயில் படும், காற்றுப் படும், கல் படும், கண் படும், வலையில் மீன் படும். நம்மேல் வந்து படுவது எதுவோ அது பாடு. அது துன்பமாகவும் இருக்கலாம், வரமாகவும் இருக்கலாம். சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது.

களத்தில் வீழ்வதும் படுதலே. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட வீரரை அக்கல்வெட்டுகள் 'பட்டான்' என்றே குறிக்கின்றன. தன் ஊருக்காகப் பட்டவன் கல்லில் நின்றான்; ஊரார் அவனை வணங்கினர். பிறருக்காகப் படுதல் பெருமை என்னும் உணர்வு நம் மண்ணில் நற்செய்தி வந்தடையும் முன்பே வேரூன்றியிருந்தது போலும்.

ஞாயிறு மறைவதும் பாடுதான். தொல்காப்பியர் ஐந்திணைக்கும் பொழுது வகுத்தபோது, கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு 'எற்பாடு' என்னும் பொழுதை உரிமையாக்கினார். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது அதன் சாய்வு. உரையாளரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு எனினும், பிற்பகல் தொடங்கிப் பொழுது சாயும்வரை உள்ள நேரம் என்பதே பெருவழக்கு. இதனைப் படித்தபோது நம் மேசைமேல் இருந்த சிலுவையின்மீது நம் கண் சென்றது. ஒன்பதாம் மணி வேளை, அதாவது பிற்பகல் 3 மணி, ஆண்டவர் உயிர்விட்ட நேரம் என்கின்றன நற்செய்திகள். பெரிய வெள்ளியன்று நாம் திருப்பாடுகளின் வழிபாட்டைத் தொடங்குவதும் அவ்வேளையில்தான். நெய்தல் நிலத்து மக்களின் பொழுது எற்பாடு. நெய்தல் நிலத்து மீனவரைத் தம் சீடராகத் தேர்ந்த நம் ஆண்டவரின் பொழுதும் எற்பாடு. தொல்காப்பியர் இதை எண்ணி எழுதியிருக்க இயலாது. எனினும் கடற்கரைப் பங்கில் வாழும் குருவின் உள்ளம் இதை எண்ணாமல் இருக்கவும் இயலாது.

பெருமை என்னும் பொருளையும் முறைமை என்னும் பொருளையும் சங்க இலக்கியமே காட்டுகிறது. பண்பு என்றால் என்ன என்பதற்குக் கலித்தொகையில் ஓர் இலக்கணம் உண்டு. உலக முறைமையாகிய பாட்டினை அறிந்து அதற்கேற்ப நடப்பதே பண்பு என்பது அதன் கருத்து. அந்தப் பாடல் இடம்பெற்றிருப்பதும் நெய்தற்கலியில்தான். பிறர் பாடு அறிந்து ஒழுகாதவனுக்குப் பண்பில்லை என்றால், அந்த ஞாயிறு முதியவருக்கு விடை சொன்ன நம் பண்பு எத்தகையது?

இனி மக்கள் வழக்கிற்கு வருவோம். "உன் பாடு, என் பாடு" என்கிறோம்; "அவர் பாடு திண்டாட்டம்" என்கிறோம்; "அவன் பாட்டுக்குப் போகிறான்" என்கிறோம். மாதக் கடைசியில் வயிற்றுப்பாடு. குமரி மாவட்டத்தாரும் மலையாளத்தாரும் மிகுதியைக் குறிக்க 'ஒருபாடு' என்பர். பிள்ளைகளை வளர்க்கத் தாய் பட்ட பாட்டுக்கு அளவில்லை. பாடுபடும் மனிதன் பாட்டாளி. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் இந்தக் கரையில் பாட்டாளியின் பாட்டையன்றி வேறெதைக் காண்கிறோம்? சுமை தூக்கிய தோள்களும், உலைக்கு முன் நின்ற முகங்களும், மூன்று முறைப்பணிக்கும் ஓடிய கால்களுமே இப்பகுதியின் வரலாறு. மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே நாள் என்பர். அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தினார். பாடு என்னும் சொல் உழைப்பையும் வருத்தத்தையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருப்பதன் பொருத்தம், ஆலைச் சங்கு ஊதும் தெருக்களில் நடந்தால் விளங்கும்.

இந்தக் கரையே ஒரு பாடு பட்ட கரைதான். 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881இல் ஒரு புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே நம் கரை அரிக்கப்பட்டது. ஒரு பக்கத்தின் பேறு மறுபக்கத்தின் பாடாயிற்று. கடற்கரைச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்தக் கணக்கை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மறைநூல் மொழியில் இச்சொல்லின் பிள்ளைகள் எத்தனை என்று பாருங்கள். இறைவனோடு நாம் கொண்ட உடன்பாடு பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. நாம் கூடிச் செய்வது வழிபாடு. விவிலியத்தின் கடைசி நூல் திருவெளிப்பாடு. ஈடுபாடு, கட்டுப்பாடு, கோட்பாடு, பண்பாடு, மேம்பாடு ஆகியனவும் இக்குடும்பமே. சாப்பாடும் கூப்பாடும் ஓசையால் இவற்றோடு வந்து நின்றாலும், அவற்றுக்குச் சாப்பிடு, கூப்பிடு என்னும் வேறு வினைகள் உண்டு. எனவே அவற்றை வேற்றுக் குடும்பத்து விருந்தினராகக் கொள்வோம்.

இன்னொரு விருந்தினரும் உண்டு. பாட்டுப் பாடும் 'பாடு'. இது தனி வினை. ஒருமுறை மறைக்கல்வி வகுப்பில், "திருப்பாடல்களை எழுதியவர் யார்?" என்று நாம் கேட்க, ஒரு சிறுமி எழுந்து, "போஞ்சு பிலாத்து" என்றாள். வகுப்பே சிரித்தது. திருப்பாடல் என்பது அவள் செவியில் திருப்பாடு என்று விழுந்திருக்கிறது. நாமும் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தால், துன்பத்தில் இறைவனை நோக்கிக் கதறிய பாடல்கள் அந்நூலில் எத்தனை! சிலுவையில் தொங்கியபோது ஆண்டவர் வாயில் வந்ததும் அவற்றுள் ஒன்றன் தொடக்கமே. பாடுகள் பாடலாகும் இடம் அது. அச்சிறுமியின் பிழையில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது.

குருமடத்தில் இலத்தீன் பயின்றபோது, ஆண்டவரின் பாடுகளைக் குறிக்கும் 'பாசியோ' என்னும் சொல்லுக்கு ஆசிரியர் விளக்கம் தந்தது நினைவுக்கு வந்தது. 'பாத்தி' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. அதற்கும் படுதல் என்பதே பொருள். பொறுமையைக் குறிக்கும் சொல்லும், நோயாளியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினவே. இன்னும் சுவையானது ஒன்றுண்டு. இலக்கணத்தில் செயப்பாட்டு வினைக்கு இலத்தீனில் வழங்கும் பெயரும் அந்த வேரிலிருந்தே வந்தது. நம் தமிழிலோ பெயரில் மட்டுமன்றி அமைப்பிலேயே படுதல் இருக்கிறது. கட்டப்பட்டான், அடிக்கப்பட்டான், அறையப்பட்டான் என ஒருவன்மீது பிறர் செய்வதையெல்லாம் 'படு' என்னும் துணைவினை கொண்டே சொல்கிறோம். தொடர்பற்ற இரு மொழிகள், பிறர் செயலுக்கு ஆளாகி நிற்பவனைச் சுட்ட ஒரே உணர்வில் சந்திக்கின்றன. உலகத்தையெல்லாம் செய்தவர் செயப்பாட்டு வினைக்குள் தம்மை ஒப்படைத்தார் என்பதே மீட்பின் மறைபொருள்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமடலின் 5ஆம் அதிகாரத்தில், இறைமகனும் தாம் பட்ட துன்பங்களின் வழியே கீழ்ப்படிதலைக் கற்றார் என்னும் கருத்து வருகிறது. மூல கிரேக்கத்தில் கற்றலுக்கும் படுதலுக்கும் உரிய இரு சொற்கள் 'எமாதென்', 'எப்பாதென்' என எதுகைபோல் ஒலிக்கும். தமிழ் இவ்விரண்டையும் ஒரே சொல்லாகவே ஆக்கிவிட்டது: பட்டறிவு. படித்தறிந்த நாம், பட்டறிந்த ஒருவரிடம் பாடம் கேட்க நேர்ந்தது அந்தத் திண்ணையில்.

ஆனால் நம்மை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது வேறொரு கிரேக்கச் சொல். 'கிளேரோஸ்' என்பது அது. சீட்டு, சீட்டில் விழும் பங்கு என்பது அதன் பொருள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர் போட்டது அச்சீட்டே. மேலைமொழிகளில் குருக்களைக் குறிக்கும் சொல் அதிலிருந்துதான் பிறந்தது. லேவியருக்கு நிலத்தில் பங்கில்லை. ஆண்டவரே அவர்களின் பங்கு என்கிறது இணைச்சட்டம். குருவானவர் ஆண்டவரின் பங்கு, அல்லது ஆண்டவர் குருவின் பங்கு. அதனால்தான் அப்பெயர் என்று புனித எரோணிமுஸ் நெப்போசியானுக்கு எழுதிய மடலில் விளக்குகிறார். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதியவர்கள் நாம். எண்ணூர் மீனவர் மொழியில் சொன்னால், குரு என்பவர் சீட்டில் விழுந்த ஒரு பாடு! அந்த முதியவரும் நாமும் ஒரே சொல்லின் இரு கரைகளில் நின்றிருக்கிறோம். அவர் தம் பாடு போயிற்று என்று நம்மிடம் வந்தபோது, பாடு என்பதன் பொருள் அறிந்திருக்க வேண்டிய முதல் ஆள் நாமாகவே இருந்திருக்க வேண்டும்.

தமிழ்த் திருச்சபை இதைவிட ஒருபடி மேலே சென்றிருக்கிறது. மறைமாவட்டத்தின் சிறு பகுதியை நாம் 'பங்கு' என்கிறோம். அதன் பொறுப்பாளரைப் 'பங்குத்தந்தை' என்கிறோம். படகில் ஏறியவருக்கு மீனில் கிடைப்பதும் பங்குதான். அப்படியானால் பங்குத்தந்தையின் வேலை என்ன? துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது மட்டுமா? அவரவர்க்குரிய பங்கு அவரவர்க்குச் சேர்கிறதா என்று பார்ப்பதும் அன்றோ?

கடந்த ஆண்டுகளில் நாம் ஆற்றிய மறையுரைகளை நினைத்துப் பார்த்தோம். 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, இளைஞர்கள் வாளிகளால் அதை அள்ளினார்கள். அப்போதும் நாம் சிலுவையைச் சுமப்பது பற்றியே பேசினோம். அனல் மின் நிலையச் சாம்பல் கழியை மேடாக்கியபோதும் பொறுமையைப் பற்றியே பேசினோம். பொறுமை நற்பண்பே, ஐயமில்லை. ஆனால் ஒருவனுடைய பாட்டினைப் பிறர் பறிக்கும்போது, அதைத் 'திருப்பாடு' என்று பெயர்மாற்றி அவன் தோளிலேயே ஏற்றுவது நற்செய்தி ஆகாது. ஆண்டவரின் பாடுகள் அவர் தாமே விரும்பி ஏற்றவை. ஏழையின் பாடுகள் பெரும்பாலும் பிறர் அவன்மேல் சுமத்தியவை. இவ்விரண்டையும் ஒரே சொல் குறிப்பதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மூடிவிடும் ஆபத்து நம்மைப் போன்ற போதகர்க்கு எப்போதும் உண்டு. சிலுவையடியில் நின்ற போர்வீரரும் சீட்டுப் போட்டார்கள் என்பதை மறக்கலாகாது. அந்தச் சீட்டு எளியவருக்கு முறை வகுக்கவில்லை. உரிந்தெடுத்த ஆடையைப் பங்கிட்டுக்கொண்டது.

பெரியவருக்காக ஒரு விண்ணப்பம் எழுத அமர்ந்தோம். படிவத்தில் படகுக்கு ஒரு கட்டம் இருந்தது, வலைக்கு ஒரு கட்டம் இருந்தது, வீட்டுக்கும் இருந்தது. பாட்டுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் 'பாடு இழப்பு' என்று எழுதிக் கொடுத்தனுப்பினோம். அதை வாங்கிய அலுவலர், "கஷ்டம் என்று எழுதினால் போதுமே, ஃபாதர்" என்றார். அவரைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு நாமும் அதே பிழையைச் செய்தவரல்லவா? நின்று நிதானமாக அவருக்கு விளக்கினோம். முறை நாள், தலைக்கட்டு, சீட்டு, இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இணைத்தோம். பின்னர் ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து, வாய்வழியாகவே இருந்துவந்த முறைப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைக்க இளைஞர்களைத் தூண்டினோம். பெரிய சாதனை ஒன்றுமில்லை. விண்ணப்பத்தால் கிடைத்தது சிறிதே. எனினும் அந்த நோட்டின் அட்டையில் ஓர் இளைஞன் கொட்டை எழுத்தில் 'எங்கள் பாடு' என்று எழுதியிருந்தான்.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. பிற்பகல் 3 மணி. எற்பாட்டு வெயில் கோவிலின் மேற்குச் சன்னல் வழியே பீடத்தின்மேல் சாய்ந்து படிந்திருந்தது. யோவான் எழுதியபடி பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. முன்வரிசையில் அந்த முதியவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். அந்த ஆண்டு நாம் நீண்ட மறையுரை ஆற்றவில்லை. இராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பரும் ஒரு வலைக்காரர்தான். கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு பெறுவதைக் குறித்து அவர் தம் முதல் திருமடலில் எழுதுகிறார் என்பதை மட்டும் நினைவூட்டினோம். பங்கு பெறுவது என்றால், நம் பாட்டைப் பிறர் சுமப்பது மட்டுமன்று, பிறர் பாட்டை நாம் அறிவதும் ஆகும் என்று சொல்லி முடித்தோம்.

திருச்சிலுவையை முத்தி செய்துவிட்டு எல்லாரும் அமைதியாகக் கலைந்தனர். வாசலில் பெரியவர் நின்றார். "தோத்திரம் சாமி. எங்க பாடு..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். இம்முறை நாம் முந்திக்கொண்டு ஆறுதல் சொல்லவில்லை. அவர் முகத்தை நேரே பார்த்து, "உங்கள் முறை எப்போது வருகிறது, பெரியவரே?" என்று கேட்டோம்.

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.